முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்ட ஹாஃப்கின்!

1896. பம்பாயில் பிளேக் பரவி, மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்துகொண்டிருந்த நேரம். அப்போது அரசு அங்கே அனுப்பிவைத்த ஆள்தான் வால்டெமர் ஹாஃப்கின்.

1860-ல் ஒடெசாவில் பிறந்தவர். பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் காலரா தடுப்பூசியை உருவாக்கி, 1893-ல் இந்தியா வந்து ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டவர். பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சின்ன இடத்தில் ராப்பகலாக உழைத்தார். சில மாதங்களிலேயே பிளேக் தடுப்பூசி ரெடி!

ஆனா, புது ஊசியை நம்பி யார் கையை நீட்டுவாங்க? 1897 ஜனவரி 10 அன்று தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. அடுத்து, பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். பலன் தெரிந்தது. மக்களும் வர ஆரம்பித்தார்கள்.

1902-ல் விழுந்தது அடி. பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸால் இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல், வேலையும் போனது. இறந்த எல்லோருக்கும் ஒரே பாட்டில் மருந்து. தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அந்த பாட்டிலைத் திறந்திருந்தார்கள் என்பது பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. 1907-ல்தான் பழி நீங்கியது.

1925-ல் அவர் தொடங்கிய ஆய்வகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1930-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

ஊசி போடப் போறீங்களா? புது சிரிஞ்ச் பிரிக்கிறாங்களான்னு பாருங்க, சந்தேகம்னா கேளுங்க. ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீங்க!