பந்தை ஏற்றார்கள், தலைமையை மறுத்தார்கள்: பல்வாங்கர் பாலு

ரஞ்சிக் கோப்பையின் புதிய பருவம் நெருங்குகிறது. மதுரையை அடுத்த சமயநல்லூர்ப் பகுதியில், நீர் வற்றிய கண்மாயையும் அறுவடை முடிந்த வயலையும் ஆடுகளமாக்கிக்கொள்ளும் நம் பிள்ளைகளும் அதை எதிர்நோக்குகிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை பல்வாங்கர் பாலுவினுடையது.

1876இல் தார்வாடில், தோல்தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர் பாலு. பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்கி உருளை இழுத்தார். பின்னர் ஐரோப்பியர் கிளப்பில் பயிற்சிக்குப் பந்து வீசியே இடக்கைச் சுழற்பந்தில் தேர்ந்தார். வெற்றிக்காக அவரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்ட பூனா இந்துக்கள், மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவரை வெளியே நிறுத்தி, மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். இரட்டைக் குவளையை எதிர்த்து வழக்காடும் நமக்கு இக்காட்சி புதிதன்று.

பம்பாய்க்குப் பெயர்ந்த பாலு, 1906இல் ஐரோப்பியரை இந்து அணி வென்றதில் பெரும்பங்கு வகித்தார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். எனினும் இந்து அணியின் தலைமை அவருக்கு அளிக்கப்படவே இல்லை. 1920இல் அவர் நீக்கப்பட்டபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினர். அதன் பின்னரே பாலு துணைத் தலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் அணித் தலைவரானார், கோப்பையும் வென்றார்.

அரசியலில் பாலுவின் பாதை நமக்கு உடன்பாடானதன்று. 1932இல் எம்.சி. ராஜாவுடன் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து, ஏறத்தாழ 2,000 வாக்குகளில் தோற்றார். அவரது ஆட்டத்தைப் போற்றிய அண்ணலையே எதிர்க்க அவர் நிறுத்தப்பட்டார். இம்முரண்பாட்டை மறைக்காமலே அவரை நினைவுகூர்கிறோம். 1955இல் பாலு மறைந்தார்.

கிரிக்கெட் வாரியம் பொதுப்பணி ஆற்றுவதால் நீதிப்பேராணை அதிகாரத்துக்கு உட்பட்டது என 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே தேர்வு முறையின் நேர்மையை வினவுவது இரங்கல் மனு அன்று, உரிமை. மாநிலத் தேர்வுகள் எங்கு, எப்போது நடக்கின்றன என்னும் அறிவிப்பு சமயநல்லூருக்கும் வந்து சேர வேண்டும். மட்டையும் காலணியும் வாங்க இயலாதவர்க்கு அவற்றை வழங்க வேண்டும். தேர்வுக் குழுவில் ஒடுக்கப்பட்டோர் இடம்பெற வேண்டும். பாலுவும் தம்பியரும் நூறாண்டுக்கு முன் கேட்டதும் இந்தச் சமநீதியைத்தான்.