முதலில் பத்திரம், பிறகு மன்னிப்பு

இந்த வாரம் நாம் சொல்லப்போவது ஒரு பாதிரியாருடைய வாழ்க்கை. அவர் செத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்பெயின் தேசத்துக்காரர். பெயர் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ். நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. இவர் அங்கி போட்ட சாமியாராக இருந்துகொண்டே ஆள் வைத்து வேலை வாங்கிய முதலாளி. அப்படிப்பட்டவர் மனந்திரும்பினார். திரும்பியபின் என்ன செய்தார் என்பதைத் தொழிலாளி வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேணும். கிறிஸ்தவத் தோழர்களுக்கு மட்டும் என்று யாரும் பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள்.

பிறந்த ஊர் செவில். வருஷம் 1484. தகப்பனார் வியாபாரி. கொலம்பஸ் 1493-இல் இரண்டாம் தடவை கப்பலேறியபோது அவரும் கூடப் போனார். திரும்பி வரும்போது மகனுக்கு எடுபிடி வேலை செய்ய அந்தத் தீவுகளிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பொம்மை வாங்கி வருவதுபோல் ஓர் ஆளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், பாருங்கள். 1500-இல் ராணி உத்தரவு போட்டபிறகுதான் அந்தப் பையன் திருப்பி அனுப்பப்பட்டான்.

1502-இல் லாஸ் காசாஸே கப்பலேறி எஸ்பனியோலா தீவுக்கு வந்தார். இன்றைக்கு ஹெய்ட்டி, டொமினிக்கன் குடியரசு என்று இரண்டு நாடுகள் இருக்கும் தீவு அது. அங்கே இருந்த மக்கள் தாயினோ என்னும் இனத்தார். கொலம்பஸ் தான் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்து அவர்களுக்கு இந்தியர் என்று பேர் வைத்துவிட்டான். நம்மாட்கள் இல்லை.

அந்த மக்களை ஸ்பானியர் வேலை வாங்கிய முறைக்கு என்கோமியெந்தா என்று பேர். கவர்னர் ஒரு ஸ்பானியனுக்கு இத்தனை குடும்பம் என்று எழுதிக் கொடுப்பார். அவர்கள் அவனுக்கு ஆற்று மணலில் தங்கம் அரிக்க வேணும், காட்டில் பயிர் வைக்க வேணும். பதிலுக்கு அவன் அவர்களுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பானாம். கூலி என்று ஒழுங்காக ஒன்றும் கிடையாது. நம் பாட்டன் பூட்டன்மார் கங்காணி சொன்னதை நம்பிக் கடல் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டார்கள். அவர்களோ பிறந்த மண்ணில் நின்றபடியே பங்கு வைக்கப்பட்டார்கள். வேலைக் கொடுமை, பட்டினி, வந்தவர்கள் கொண்டுவந்த நோய் எல்லாம் சேர்ந்து சில பத்து வருஷத்துக்குள் தீவையே காலி செய்துவிட்டன.

லாஸ் காசாஸும் பங்கு வாங்கினார். குருப்பட்டம் பெற்றபிறகும் விடவில்லை.

1511-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சாந்தோ தொமிங்கோ கோயிலில் மொந்தேசினோஸ் என்ற தொமினிக்கன் சபைத் துறவி பிரசங்கம் செய்ய ஏறினார். கவர்னர் முதல் எல்லாப் பெரிய மனுஷர்களும் முன்வரிசையில். இந்த மக்களும் மனுஷர்கள்தானே, எந்த நியாயத்தில் இவர்களை இப்படிப் போட்டு வதைக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். ஊரே கொதித்தது. அடுத்த வாரம் வார்த்தையை மாற்றிச் சொல்ல வேணும் என்று மடத்துக்குப் போய் மிரட்டினார்கள். அடுத்த வாரம் இன்னும் கடுமையாகச் சொன்னார். இனிமேல் உங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கிடையாது, வழிப்பறிக்காரனுக்கு எப்படியோ உங்களுக்கும் அப்படியே என்று சொல்லி இறங்கினார்.

அந்தச் சபைத் துறவி ஒருவரிடம் லாஸ் காசாஸே ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருக்கிறார். ஆள் வைத்திருக்கிற வரைக்கும் மன்னிப்பு இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். லாஸ் காசாஸ் வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. அப்போதும் திருந்தவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேணும். பிரசங்கம் கேட்டவுடனே ஆள் மாறிவிடுவதெல்லாம் கதையில்தான்.

1513-இல் கியூபாத் தீவைப் பிடிக்கப் போன பட்டாளத்தோடு அவரும் போனார். காவோனாவோ என்ற ஊரில் மீனும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துக் காத்திருந்த ஜனங்களைக் காரணமே இல்லாமல் சிப்பாய்கள் வெட்டிச் சாய்த்ததைக் கண்ணால் பார்த்தார். தடுக்க ஓடினார், முடியவில்லை. ஆனால் அதே தீவில், அரிமாவோ ஆற்றோரம், நிலமும் ஆட்களும் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். பெத்ரோ தெ லா ரெந்தெரியா என்ற நல்ல மனுஷர் கூட்டாளி. ஆட்களை மற்றவர்களைப்போல் அடித்து உதைக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் தங்கம் அரிக்கவும் காட்டு வேலைக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்.

திருப்பம் வந்தது 1514-இல். திருநாள் பிரசங்கத்துக்காக வேதப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கத்தோலிக்க விவிலியத்தில் சீராக் என்று ஒரு நூல் இருக்கிறது. அதில் 34-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. அநியாயமாகச் சேர்த்த பொருளைக் கொண்டுவந்து படைத்தால் அந்தக் காணிக்கை கடவுளுக்கு ஏற்காது, உழைத்தவன் கூலியைப் பிடித்துக்கொள்வது அவன் ரத்தத்தைச் சிந்துவதற்குச் சமம் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. இத்தனை வருஷம் பூசை வைத்தவர் அவர். கிறிஸ்துவின் பலியைப் பீடத்தில் ஒப்புக்கொடுத்த கையும், பங்குப் பத்திரம் வாங்கின கையும் ஒரே கை. பீடத்தில் வைத்த அப்பம் யாருடைய உழைப்பில் வந்தது? சில நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு கவர்னர் வெலாஸ்கெஸிடம் போய், என் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப்புட்டார். கவர்னருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல வருமானம், இளம் வயது, எதுக்கு இந்த வேலை, யோசித்துச் சொல்லும் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்றார் இவர்.

கூட்டாளி ரெந்தெரியா அந்தச் சமயம் ஜமைக்காவில் இருந்தார். அவர் வரும்வரை வெளியில் சொல்ல வேண்டாம் என்றுதான் ஏற்பாடு. ஆனால் ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று பிரசங்கம் செய்யும்போது எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டார். ரெந்தெரியா திரும்பி வந்தபோது பார்த்தால், அவரும் ஜமைக்காவில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்! இருவரும் இருந்ததை விற்று, லாஸ் காசாஸ் ஸ்பெயினுக்குப் போய் அரசரிடம் முறையிடக் கப்பல் செலவுக்கு வழி செய்தார்கள்.

இவர் விட்டுக்கொடுத்த ஆட்கள் என்ன ஆனார்கள்? வேறு ஸ்பானியனுக்குக் கொடுக்கப்பட்டார்கள். வேலையிலேயே மாண்டார்கள். அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தே விட்டதாக லாஸ் காசாஸ் பிற்பாடு எழுதியிருக்கிறார். தன் கையைக் கழுவிக்கொண்டால் தன் பாவம் நிற்கும், அந்த மக்களுடைய கஷ்டம் நிற்காது. மீதி ஐம்பது வருஷமும் அவரை ஓடவைத்தது இதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

அந்த ஓட்டத்தை முழுக்கச் சொல்ல இடம் போதாது. 1516-இல் இந்தியரின் பாதுகாவலர் என்று அரசாங்கம் பதவி கொடுத்தது. 1522-இல் தொமினிக்கன் மடத்தில் சேர்ந்தார். 1542-இல் அரசர் புதிய சட்டங்கள் போட்டார். பங்கு முறை பிள்ளைக்குப் போகாது, பிடித்தவனோடு சரி என்பது அதில் ஒரு விதி. மூன்று வருஷத்துக்குள் முதலாளிமார் கூச்சல் போட்டு அந்த விதியை ரத்து செய்ய வைத்தார்கள்.

1545-இல் இன்றைய மெக்சிகோவின் தென்பகுதியில் உள்ள சியாப்பா என்ற இடத்துக்கு மேற்றிராணியாராகப் போய்ச் சேர்ந்தார். தவக்காலம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேணும், மன்னிப்பில்லாமல் செத்தால் நரகம் என்று மெய்யாகவே நடுங்கின காலம் அது. அரசர் சட்டம் கடல் தாண்டி வருவதற்குள் செத்துப்போகும். ஆனால் நரக பயம் ஒவ்வொருத்தன் வீட்டுக்குள்ளும் இருந்தது. லாஸ் காசாஸ் அதைப் பிடித்தார். அடிமைகளை விடாதவனுக்கு மன்னிப்பு இல்லை என்று அறிவித்தார். மீறி மன்னிப்புக் கொடுத்த பெரிய குருவைக் கைது செய்ய ஆள் அனுப்பினார். ஊர்க்காரர்கள் கத்தியோடு மேற்றிராணியார் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். மறு வருஷம் அவர் அந்த ஊரை விட்டுப் போனார், திரும்பவில்லை.

போகுமுன் குருமார்களுக்கு விதிகள் எழுதினார். மொத்தம் 12. நம்முடைய பார்வையில் அவர் எழுதியதிலேயே பெரிய எழுத்து இதுதான். நாட்டைப் பிடித்த படையாளோ பங்குதாரனோ பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால், சாகக் கிடந்தாலும் சரி, முதலில் பத்திரம் எழுதும் அதிகாரியைக் கூப்பிட வேணும். என் சொத்தெல்லாம் இந்த மக்களிடமிருந்து எடுத்தது, அதைத் திருப்பிக் கொடுக்கக் குருவுக்கு முழு அதிகாரம் கொடுக்கிறேன் என்று சட்டப்படி எழுதி வைக்க வேணும். அடிமைகளை அந்த இடத்திலேயே விடுதலை செய்து, அவர்களிடமே மன்னிப்புக் கேட்க வேணும். அவர்கள் உழைத்த காலத்துக்கெல்லாம் கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேணும். நாம் நிலுவைச் சம்பளம் என்கிறோமே, அது! ஆள் செத்துப்போயிருந்தால் வாரிசுக்கு. வாரிசும் இல்லாவிட்டால் அந்தக் கிராமத்துக்கு. இத்தனையும் நடந்தபிறகு முழங்காலில் நிற்கலாம்.

இது அவராகக் கண்டுபிடித்த புதுச் சரக்கு இல்லை. திருடினதைத் திருப்பிக் கொடுக்க வழி இருந்தும் கொடுக்காதவனுடைய மனந்திரும்புதல் நடிப்பு என்று அர்ச். அகுஸ்தீனார் காலத்திலிருந்தே சபை சொல்லி வந்தது. லூக்கா நற்செய்தியில் வரி வசூலிக்கும் சக்கேயு, ஏமாற்றினதை நாலு மடங்காகத் தருவதாகச் சொன்னதும் அதுதான். கோழி திருடினவனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், லாஸ் காசாஸ் நாடு திருடினவனிடம் சொன்னார். 1548-இல் அந்த விதிகளின் பிரதிகளைப் பறிக்கச் சொல்லி அரசரிடமிருந்தே உத்தரவு வந்தது. ஆனாலும் பெரு நாட்டில் கிழப் படையாட்கள் சிலர் சாகுமுன் இந்த மக்களுக்குத் திருப்பிக் கொடுத்ததாக எழுதிவைத்த பத்திரங்கள் இன்றும் இருக்கின்றன.

இவ்வளவும் எழுதினவருக்குத் தன் கணக்கில் ஒரு பெரிய கடன் இருந்தது. தீவு மக்களைக் காப்பாற்றும் அவசரத்தில், 1516-இல், அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அவரே யோசனை எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கு முன்னாலேயே அந்த வியாபாரம் தொடங்கிவிட்டது, அவர் சொல்லாவிட்டாலும் நடந்திருக்கும் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர் அப்படிப் பேசவில்லை. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவில் ஆள் பிடித்த விதத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டார். அவர்களை அடிமையாக்கியதும் இவர்களை ஆக்கியது போலவே அநியாயம், அப்போது தெரியாமல் சொன்னேன் என்பது கடவுளுடைய தீர்ப்பில் எடுபடுமோ என்னவோ என்று தன் வரலாற்று நூலில் தன்மேலேயே குற்றம் எழுதி வைத்தார். இறந்தவர் தொகையை அவர் கூட்டிச் சொன்னார் என்று அறிஞர்கள் குறை சொல்வதுண்டு. இந்த ஒரு குற்றத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை.

பத்திரம் எழுதிக் கொடுக்க அவரிடம் சொத்தும் இல்லை, வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் தெரியாது.

1566, ஜூலை 18-இல் மத்ரித் நகரில் இறந்தார். அந்த வரலாற்றை நாற்பது வருஷத்துக்கு வெளியிட வேண்டாம் என்று மடத்தாரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அது அச்சேறியது 1875-இல். அந்த வருஷமும் கியூபாவின் கரும்புக்காடுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1886-இல்.