தந்தை செய்தது எந்திரத் துப்பாக்கி. மகன் செய்தது சைலென்சர்!

பழைய காரின் சைலென்சர் ஓட்டையாகிவிட்டால் என்ன நடக்கும்? தெருவே திரும்பிப் பார்க்கும். தொட்டிலில் தூங்கும் குழந்தை அலறி எழுந்துவிடும்.

அந்தச் சத்தத்தோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் ஹைரம் பெர்சி மாக்சிம்.

1869-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி புரூக்ளினில் பிறந்தார். தந்தை பெயரும் ஹைரம்தான். ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் என்று சொன்னால் உலகத்துக்கே தெரியும். தானாகவே குண்டுமாரி பொழியும் எந்திரத் துப்பாக்கியைச் செய்தவர் அவர்தான்.

1881-ம் ஆண்டு தந்தை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். மனைவியும் குழந்தைகளும் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர் லண்டனிலேயே தங்கிவிட்டார். அங்கேதான் துப்பாக்கி பிறந்தது. பணம் வந்தது. "சர்" பட்டமும் வந்தது. ஆனால் ஓயாத வெடிச்சத்தம் அவருடைய காதைப் பறித்துக்கொண்டது. கடைசிக் காலத்தில் அவருக்குக் காது கேட்கவே இல்லை.

தந்தை கப்பல் ஏறியபோது மகனுக்கு 12 வயதுகூட நிறையவில்லை.

சைக்கிளில் வந்த யோசனை

பையன் கெட்டிக்காரன். 1886-ல், 17 வயதுக்குள்ளாகவே, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டான். லின் என்ற ஊரில் பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

1892-ம் ஆண்டு. பக்கத்து ஊரான சேலத்தில் ஓர் இளம்பெண்ணைப் பார்த்துவிட்டு, இரவில் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார் மாக்சிம். (நம் மாம்பழச் சேலம் அல்ல, அமெரிக்காவிலும் ஒரு சேலம் உண்டு.) கால் வலித்தது. இந்தச் சைக்கிளை ஓர் எந்திரம் மிதித்தால் என்ன என்று தோன்றியது.

காலியான குண்டுக் கூட்டில் சில சொட்டு பெட்ரோல் விட்டுத் தீ வைத்துப் பார்த்தார். படார்! இத்தனை சிறு சொட்டுக்குள் இத்தனை வேகமா என்று அசந்துபோனார்.

அப்புறம் தொழிற்சாலை வேலை முடிந்த நேரமெல்லாம் எஞ்சின் வேலைதான். 30 டாலர் கொடுத்து ஒரு பழைய மூன்று சக்கர சைக்கிளை வாங்கினார். தாமே செய்த எஞ்சினை அதில் பொருத்தினார். வண்டி ஓடியது, விழவும் செய்தது. ஆனாலும் 1895-ல் ஹார்ட்போர்டு நகரின் போப் சைக்கிள் கம்பெனி அவரை அழைத்து வேலை கொடுத்தது.

அங்கே ஒரு சங்கடம். பெட்ரோல் வண்டி நாறுகிறது, அலறுகிறது, இதன்மேல் யார் உட்காருவார்கள் என்று முதலாளிகள் தயங்கினார்கள். மின்சார வண்டிதான் அவர்களுக்குப் பிடித்தது. மாக்சிம் அதையும் செய்து கொடுத்தார். மனம் மட்டும் பெட்ரோல் எஞ்சினை விடவில்லை. 1899-ல் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த வட்டப்பாதைக் கார் பந்தயத்தில் பெட்ரோல் வண்டியையே ஓட்டி வென்றார்.

குளியல் தொட்டியில் கண்ட சுழல்

குளித்து முடித்ததும் தொட்டியின் அடைப்பைத் திறந்தால் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்கும். எல்லோரும் பார்க்கும் காட்சிதான். மாக்சிமோ அதைப் பார்த்தபடி நின்றார். வெடித்து வரும் வாயுவையும் இப்படிச் சுழல விட்டால்? அது மெதுவாக வெளியேறும். வேகம் குறைந்தால் சத்தமும் குறையுமே!

1909-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி துப்பாக்கிச் சைலென்சருக்குக் காப்புரிமை பெற்றார். தந்தையின் ஆயுதம் போட்ட சத்தம் எங்கே, மகனின் குழாய் தந்த அமைதி எங்கே!

கார்களுக்குச் சத்தம் அடக்கும் குழாய் அதற்கு முன்பே வந்திருந்தது. அதை மாக்சிம் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வது சரியல்ல. ஆனால் அவருடைய கம்பெனி பிறகு துப்பாக்கியை விட்டு எஞ்சின்கள் பக்கம் திரும்பியது. பெரிய எஞ்சின்களுக்குச் சைலென்சர் செய்தது. காற்றை மட்டும் உள்ளே விட்டுத் தெருச் சத்தத்தைத் தடுக்கும் ஜன்னல் கருவியும் செய்தது.

உள்ளிருந்து அரிக்கும் துரு

காரின் சைலென்சருக்கு எதிரி மழை மட்டும் அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. தூரப் பயணத்தில் அது ஆவியாகப் போய்விடும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் உள்ளேயே தங்கி, இரும்பைத் தின்றுவிடும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே புதுச் சைலென்சர் மாட்டுவது உண்டு. குழாய் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளில் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்குகட்டை வேண்டும். எல்லாக் குழாய்களையும் நேராகப் பொருத்திப் பார்த்த பிறகே கிளாம்புகளை இறுக்க வேண்டும். மாட்டியபின் எஞ்சினைத் திறந்த வெளியில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூடிய கொட்டகையில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளையே கொன்றுவிடும்.

கடைசிப் பயணம்

மாக்சிமுக்கு வேறு ஆசைகளும் இருந்தன. 1914-ல் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்குச் சங்கம் அமைத்தார். 1926-ல் வீட்டில் சினிமா எடுப்பவர்களுக்கும் ஒரு சங்கம் கண்டார். வானநூலிலும் ஈடுபாடு உண்டு.

1936 பிப்ரவரியில் மனைவியுடன் கலிபோர்னியாவுக்கு ரெயிலில் புறப்பட்டார். வழியில் நோய் கண்டது. கொலராடோவில் உள்ள லா ஹன்டா என்ற ஊரில் இறக்கிச் சிகிச்சை செய்தார்கள். பலன் இல்லை. 17-ந் தேதி காலமானார். வயது 66.

அதே ஆண்டில் அவர் எழுதிய புத்தகம் ஒன்று வெளிவந்தது. அது சைலென்சரைப் பற்றியது அல்ல. சிறுவயதில் தம்மோடு இருந்த தந்தையின் குறும்புகளையும் கோபதாபங்களையும் சிரிக்கச் சிரிக்க அதில் எழுதியிருந்தார். 1946-ல் அது சினிமாவாகவும் வந்தது.