இதயத்துக்குள் 65 செ.மீ.

ஜமுனாமரத்தூரில் ஒரு பொண்ணுக்கு, சின்ன வயசுத் தொண்டைப் புண்ணும் அதனால் வந்த காய்ச்சலும் சேர்ந்து மைட்ரல் வால்வு சுருங்கிடுச்சுன்னு வைங்க. மலையிறங்கி வேலூர் வந்தா, நெஞ்சைத் திறக்காமலே சரிசெய்ய வழி இருக்கு. தொடை ரத்தக்குழாய் வழியா பலூனை அனுப்பி வால்வை விரிப்பாங்க. இதயத்துக்குள் குழாய் விடலாம்னு துணிஞ்சு காட்டியவர், 1904இல் பெர்லினில் பிறந்த வெர்னர் ஃபோர்ஸ்மன்.

1929, எபர்ஸ்வால்டே ஆஸ்பத்திரி. அவருக்கு வயசு சுமார் 25, நம்மைவிடச் சில வயசுதான் கூட. தலைமை டாக்டர் அனுமதி தரலை. கருவிகளுக்குப் பொறுப்பான நர்ஸ், தன் மேலேயே சோதிக்கச் சம்மதிச்சாங்க. அவங்களை மேஜையில் கட்டிவைச்சுட்டு, தன் இடது கையைக் கீறி, சிறுநீர்ப் பாதைக்கான மெல்லிய குழாயை 65 செ.மீ. உள்ளே தள்ளினார் (ஏமாத்து வேலைதான், எனக்குப் பிடிக்கலை). அப்படியே படியிறங்கி எக்ஸ்ரே எடுத்தார். குழாயின் நுனி இதயத்துக்குள்!

பாராட்டு வரலை, பெர்லின் வேலைதான் போச்சு. சிறுநீரகத் துறைக்கு மாறினார். நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார், அதை மறைக்க முடியாது. அமெரிக்காவில் கூர்னானும் ரிச்சர்ட்ஸும் அந்த முறையை வளர்த்தாங்க. 1956இல் மூணு பேருக்கும் சேர்த்து நோபல்.

1979இல் ஃபோர்ஸ்மன் இறந்தார். ஜப்பானின் இனோவே பலூனால் மைட்ரல் வால்வை விரிச்சது 1982இல்.