சுரங்கத்தின் துயரைத் தீட்டிய ஓவியர் பீட்டர் லேன்யன்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் போனவர்கள் தங்கவயலின் சயனைடு மேடுகளைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சுரங்கங்களை ஆங்கிலேயக் கம்பெனியான ஜான் டெய்லர் நடத்தியபோது, மேற்பார்வைக்குக் கப்பலேறி வந்தவர்களில் பலர் கார்ன்வால் நாட்டுக்காரர்கள். பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் மற்றத் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன நம்மவர்கள். அந்தக் கார்ன்வாலில் பிறந்து, அதன் சுரங்கங்களையே ஓவியமாக்கிய ஒருவரின் வாழ்க்கை இது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கிறது கார்ன்வால். செங்குத்தான கருங்கல் பாறைகள், ஓயாத அலை, பாறை விளிம்பில் கூரையிழந்து நிற்கும் இயந்திர வீடுகள், புகைபோக்கிகள். அங்கே தகரமும் செம்பும் தோண்டினார்கள். சில சுரங்கங்கள் கடலுக்கடியிலும் ஓடின. புயல் நாளில் கடலடியில் பாறாங்கற்கள் உருளும் ஓசை தொழிலாளர் தலைக்கு மேல் கேட்குமாம்.

அந்தக் கரையிலுள்ள செயிண்ட் ஐவ்ஸ் என்னும் மீன்பிடி ஊரில் 1918-ம் ஆண்டு பிப்ரவரியில் பீட்டர் லேன்யன் பிறந்தார். தந்தை புகைப்படக் கலைஞர்; இசையும் அறிந்தவர். 1877-ல் ரயில் பாதை வந்தபின் அவ்வூருக்கு ஓவியர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1939-ல் பென் நிக்கல்சன், பார்பரா ஹெப்வொர்த், நவும் காபோ ஆகியோர் வந்து தங்கினர். நிக்கல்சனிடம் லேன்யன் பாடம் கேட்டார். ஆனால் வந்தவர்களுக்கு அது அழகிய கடற்கரை. இவருக்கோ சொந்த மண்.

உலகப் போர் மூண்டதும் 1940-ல் விமானப் படையில் சேர்ந்தார். ஒற்றைத் தலைவலி காரணமாக விமானம் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை. மெக்கானிக்காக வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் இத்தாலியிலும் பணியாற்றி ஊர் திரும்பினார். 1946-ல் திருமணம். ஆறு குழந்தைகள் பிறந்தனர்.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1919-ம் ஆண்டு அக்டோபர் 20-ம் தேதி, செயிண்ட் ஜஸ்ட் ஊருக்கு அருகிலுள்ள லெவண்ட் சுரங்கத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. அங்கே மேலும் கீழும் அசையும் நீண்ட கம்பத்தில் படிகள் பொருத்தப்பட்டிருக்கும். தொழிலாளி ஒரு படியிலிருந்து பக்கத்து மேடைக்கும், மேடையிலிருந்து அடுத்த படிக்கும் மாறி மாறி ஏறி மேலே வரவேண்டும். அன்று ஷிப்டு முடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏறி வரும் வேளையில் கம்பத்தின் உச்சி இணைப்பு முறிந்தது. 31 பேர் மாண்டனர். சுற்று வட்டாரமெல்லாம் துக்க வீடாயிற்று. 1930-ல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது.

இந்தத் துயரம் லேன்யனை விடவில்லை. அவ்வூர்ப் பாதைகளில் நடந்தார், பாறைகளில் ஏறினார், மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தார். 1953-ல் எட்டடி உயரத்தில் 'செயிண்ட் ஜஸ்ட்' என்ற ஓவியத்தை முடித்தார். சுற்றிலும் பச்சை வயல்கள். நடுவே மேலிருந்து கீழ்வரை கரிய சுரங்கக் குழி. அந்தக் கருங்கோடே சிலுவையாகவும் நிற்கிறது. இறந்தவர் முகம் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு என்னவென்று சுரங்கக் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1959-ல் 'தொலைந்த சுரங்கம்' என்ற ஓவியத்தில், கடல்நீர் புகுந்து மூழ்கடித்த சுரங்கத்தைத் தீட்டினார்.

1957-ல் நியூயார்க்கில் அவருடைய கண்காட்சி நடந்தது. புகழ் வந்தபின்னும் அவர் ஊரை விடவில்லை. மண்ணுக்கடியில் இருப்பதைத் தீட்டியவருக்கு, அதே நிலத்தை வானிலிருந்தும் பார்க்கும் ஆசை பிறந்தது. 1959-ல் இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டப் பழகினார். படையில் கிட்டாத வாய்ப்பு நாற்பது வயதுக்கு மேல் கிட்டியது. காற்றின் ஏற்ற இறக்கமும் ஓவியங்களாயின. ஆனால் 1964 ஆகஸ்டில் டெவன் மாவட்டத்தில் கிளைடர் தரையில் மோதியது. படுகாயமடைந்த லேன்யன் 31-ம் தேதி உயிர் நீத்தார். வயது 46 தான்.

கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் தங்கவயல் 2001-ல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்கிய அந்தக் குழிகளிலும் பாறை வெடித்து மாண்டவர்கள் உண்டு. நம் வீட்டுத் தாத்தாக்களின் பெயரும் அவர்களில் இருக்கலாம். ஊர்த் துக்கத்தை ஊரில் பிறந்தவனே சொல்லவேண்டும் என்பதற்கு லேன்யன் ஒரு சான்று. தங்கவயலின் லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் தூரிகை எடுத்தால், தீட்ட வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது.