வீரமாமுனிவர்

அரியலூரைச் சார்ந்த ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர், 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். அக்காலத்து ஏடுகளில் எகர ஒகரங்களின் குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமை காண்பதரிது. குறிலுக்குப் புள்ளியிடுக என்பது பண்டை விதி. ஓலை பொத்துவிடுமென்று அஞ்சிப் புள்ளியைக் கைவிட்டனர். முன்னோர் எழுதியவாறே எழுதுவதே புலமையென்றிருந்தோர் இக்குறையைப் பன்னெடுங்காலம் பொறுத்திருந்தனர். முனிவரோ மரபை முற்றக் கற்று, 3615 செய்யுட்களில் தேம்பாவணி பாடியவர். அத்தகுதியோடு நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். சிந்தியாது பணியும் சீடர்களைப் பரமார்த்த குருவின் கதையில் எள்ளி நகையாடினார். 1747-ல் மறைந்தார்.

அன்று புதுமையாயிருந்த அவ்வடிவமே இன்று நமக்கு மரபு. ஆதலின், மரபின் பெயரால் புதியதைத் தடுப்போர், நாளைய மரபையே தடுக்கின்றனர் என்பதை உணர்வார்களாக.