விண்வெளியைத் திண்ணைக்கு அழைத்து வந்தவர்
டாக்டர் விக்ரம் சாராபாய் (1919–1971)

நம் செட்டியார்பட்டியிலிருந்து மேற்கே நோக்கினால் நாள்தோறும் நம் கண்ணில் படுவது மேற்குத் தொடர்ச்சி மலை. அம்மலைக்கு அப்பால் கேரளம். அதன் தென்பகுதிக் கடற்கரையில், திருவனந்தபுரத்துக்கு அருகில், தும்பா என்னும் ஊர் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், ககன்யான் திட்டத்துக்குத் தேர்வு பெற்ற நான்கு வீரர்களின் பெயர்கள் அங்கேதான் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. அவர்களுள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுபான்சு சுக்லா 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்று, அங்குப் பதினெட்டு நாட்கள் தங்கித் திரும்பிவிட்டார்.

இனி, நம் நாட்டு ஏவூர்தியிலேயே நம்மவர் ஏறிச் செல்லும் நாளைக் காணக் காத்திருக்கிறோம். அந்நாளில் வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் எல்லோரும் தொலைக்காட்சி முன்னர் அமர்ந்திருப்போம் என்பதில் ஐயமில்லை. ஏவூர்தி, செயற்கைக்கோள், தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் ஏழை நாட்டின் குடிசைகளோடு சேர்த்து எண்ணிப் பார்த்த ஒரு பெரியாரின் வாழ்க்கையை இவ்வேளையில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

இளமையும் கல்வியும்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் பெரும் துணி ஆலைக்கு உரிமையாளர். தாயார் சரளாதேவி, தம் எண்மர் குழந்தைகளுக்காக வீட்டிலேயே மாண்டிசோரி முறையில் ஒரு பள்ளியை நடத்திய அறிவுடைய அன்னை. செல்வம் கொழித்த வீடாயினும் நாட்டுப்பற்றும் அங்கே கொழித்தது. தமக்கை மிருதுளா விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர்.

அகமதாபாத்தில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய விக்ரம், கவி தாகூரின் பரிந்துரைக் கடிதத்துடன் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். 1940இல் அங்குத் தேர்ச்சி பெற்றார். உலகப் போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூரில் நம் தமிழகம் தந்த அறிவியல் மேதை சர் சி. வி. இராமனின் கீழ் ஆராய்ச்சி செய்தார். விண்ணிலிருந்து இடையறாது பூமியின் மேல் பொழியும் காஸ்மிக் கதிர்களே அவர் எடுத்துக்கொண்ட பொருள். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இதற்கிடையில் 1942இல் சென்னையில் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. மணமகள், புகழ்பெற்ற நடனக் கலைஞர் மிருணாளினி; நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தங்கை. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம் அது. மணமகன் வீட்டார் எவரும் திருமணத்துக்கு வர இயலவில்லை.

ஆலையும் ஆய்வுக்கூடமும்

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே, தமக்கு இருபத்தெட்டு வயதுதான் ஆகியிருந்தபோது, அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். ஒரு கல்லூரியில் கிடைத்த சில அறைகளே அதன் தொடக்கம். காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவிகள் நம் கொடைக்கானல் மலையிலும் பின்னர் வைக்கப்பட்டன.

அதே காலத்தில் துணி ஆலைகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கழகத்தையும் உருவாக்கினார். பஞ்சின் தரம், நூலின் வலிமை, இயந்திரத்தின் வேகம் ஆகியவற்றோடு தொழிலாளியின் மனநிலையையும் அங்கு ஆராய்ந்தனர். இராசபாளையத்து நூற்பாலைகளின் சங்கொலி கேட்டு வளரும் நமக்கும், தளவாய்புரம், செட்டியார்பட்டித் தெருக்களில் தையல் இயந்திர ஓசையோடு கண்விழிக்கும் நமக்கும், இதன் அருமை விளங்கும். நூலையும் விண்ணையும் ஒரே மனிதர் ஒரே கவனத்தோடு ஆராய்ந்தார் என்பது வியப்புக்குரியது.

மக்கள் விட்டுக்கொடுத்த கோயில்

1957இல் சோவியத் நாடு முதல் செயற்கைக்கோளை ஏவியது. 1962இல் நம் நாட்டில் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் சாராபாய். ஏவூர்தி விடுவதற்கு ஓர் இடம் வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு தும்பா வழியே சென்றது. அக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் ஏறமாட்டா. செயற்கைக்கோள்களோ அதற்கும் மேலே சுற்றுவன. சிறு ஏவூர்திகளே அங்குச் சென்று அளந்து வர வல்லவை. ஆகவே தும்பாவைக் காட்டிலும் தகுந்த இடம் இல்லை.

ஆனால் அங்கே மனிதர் வாழ்ந்தனர். தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வந்த குடும்பங்களின் வீடுகளும், அவர்கள் ஞானஸ்நானம் பெற்று, மணம் முடித்து, இறந்தோரை அடக்கம் செய்த புனித மரிய மகதலேனாள் கோயிலும் இருந்தன. சாராபாய் திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஆண்டகையைச் சந்தித்து நாட்டின் தேவையை எடுத்துரைத்தார். ஆயர் தாமே முடிவு செய்துவிடவில்லை. ஞாயிறு திருப்பலியில் மக்கள் முன் இதை வைத்தார் என்றும், அவர்கள் மனமுவந்து இசைந்தனர் என்றும், அங்குப் பணியாற்றிய நம் அப்துல் கலாம் அவர்கள் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

கோயிலே அலுவலகமும் பணிக்கூடமும் ஆயிற்று. ஆயர் இல்லத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் கூட அறிவியலார் வேலை செய்தனர். ஏவூர்தியின் பகுதிகளை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்ற காட்சியைப் புகைப்படத்தில் இன்றும் காணலாம். அக்கோயில் இடிக்கப்படாமல் இப்போது விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, அச்செய்தியைச் சீடருக்கு ஓடிச்சென்று அறிவித்தவர் மகதலேனாள். அவர் பெயர் கொண்ட கோயிலிலிருந்து வானத்தின் செய்திகள் புறப்பட்டன என்று எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. ஆயினும் விண்வெளி வரலாற்றைச் சொல்லுவோர், வீட்டையும் கரையையும் விட்டு அயலிடம் சென்று குடியேறிய அந்த மீனவத் தாய்மாரையும் முதல் வரிசையில் வைத்துச் சொல்லவேண்டும். விஞ்ஞானியின் உழைப்புக்கு விருது உண்டு. அவர்களுடைய தியாகத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி கிளம்பிற்று. அது அமெரிக்காவில் செய்யப்பட்டது. உயரத்தில் அது வெளியிட்ட சோடியம் ஆவி, அந்தி வானில் செம்மஞ்சள் கோடு வரைந்தது. நான்கே ஆண்டுகளில், 1967இல், நம்மவர் செய்த ரோகிணி என்னும் சிறு ஏவூர்தி அதே கரையிலிருந்து எழுந்தது.

ஏழைக்கு ஏன் விண்வெளி?

சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று அந்நாளில் பலர் கேட்டனர். அது நியாயமான கேள்வி. சாராபாய் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. நிலவுக்கு மனிதனை அனுப்புவதில் செல்வ நாடுகளோடு போட்டியிடும் எண்ணம் தமக்கு இல்லை என்றும், மக்களின் அன்றாடத் துன்பங்களைத் தீர்க்க உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் மட்டும் நாம் எவருக்கும் பின்தங்கக்கூடாது என்றும் அவர் விளக்கினார்.

அவர் கண்ட வழிகளுள் ஒன்று தொலைக்காட்சி. 1959இல் தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, பல ஆண்டுகள் அந்நகரைத் தாண்டவே இல்லை. ஊர் ஊராகக் கோபுரம் கட்டிக்கொண்டு போனால் கடைசிக் கிராமத்தை அடையப் பல பத்தாண்டுகள் ஆகும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் ஒன்றை நிறுத்தினால், அது பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அங்கிருந்து மலைநாட்டுக்கும் பாலைநிலத்துக்கும் ஒரே நொடியில் படத்தை அனுப்பலாம். நகரத்துக்கு முதலில், கிராமத்துக்குக் கடைசியில் என்னும் வழக்கத்தையே மாற்றிவிடலாம் என்று அவர் நம்பினார்.

நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்தார். 1967ஆம் ஆண்டு குடியரசு நாளில், தில்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் உழவர் நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. 1969இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றை நம் கிராமக் கல்விக்காக ஓராண்டு கடன் பெற ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று.

காணாமலே மறைந்தார்

1966இல் டாக்டர் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின், அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. அகமதாபாத், பம்பாய், தும்பா என்று ஓயாமல் பயணம் செய்தார். 1971ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தும்பாப் பணிகளைப் பார்வையிட வந்தவர், 30ஆம் நாள் கோவளத்தில் தாம் தங்கியிருந்த அறையில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52. தாம் விரும்பிய கடற்கரைக்கு அருகிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

விதைத்தவர் மறைந்தார், விதை முளைத்தது. 1975 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து 1976 ஜூலை 31 வரை, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு விண்ணிலிருந்து தொலைக்காட்சி வந்தது. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் செய்த குடை போன்ற அலைவாங்கிகளைப் பள்ளிக் கூரையிலும் பஞ்சாயத்துக் கட்டடத்திலும் அமைத்தனர். காலையில் பள்ளிச் சிறுவர்க்கு ஒன்றரை மணி நேரம். மாலையில் பெரியோர்க்கு உழவு, உடல்நலம், குடும்பநலம். அறிவியல் நிகழ்ச்சிகளும் குழந்தைகளுக்காகவே தயாரிக்கப்பட்டன. ஓராண்டு முடிந்ததும் கடன் வாங்கிய கோள் திரும்பிச் சென்றது. அக்கிராமங்களில் திரை இருண்டது. நமக்கென்று சொந்தக் கோள் வேண்டும் என்பதை அந்த இருளே எல்லோருக்கும் உணர்த்திற்று.

அந்த ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடு இல்லை. சென்னையில் 1975இல் நிலையம் தொடங்கியும், நம் தென்மாவட்டங்களுக்குத் தொலைக்காட்சி வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. 1983இல் இன்சாட்-1பி விண்ணில் நிலைபெற்ற பின்னரே நாடெங்கும் ஒளிபரப்பு பரவியது. பஞ்சாயத்துத் தொலைக்காட்சி அறையின் முன்னே பாய் விரித்து அமர்ந்த கதையை நம் பெற்றோரும் பாட்டிமாரும் சொல்லக் கேட்டிருப்போம்.

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் சென்று ஏறத்தாழ எட்டு நாட்கள் விண்வெளியில் இருந்தார். மைசூர் ஆய்வுக்கூடம் செய்து கொடுத்த நம் நாட்டு உணவும் அவருடன் சென்றது. அவரும் பிரதமர் இந்திரா காந்தியும் உரையாடியதை மக்கள் தொலைக்காட்சியில் கண்டனர். சாராபாய் இருந்திருந்தால் அவருக்கு அன்று 64 வயதுதான்.

நாம் காணப்போவது

ககன்யான் செல்லும் நாளில் நம் வீரர்கள் 400 கிலோமீட்டர் உயரத்தில் எடையின்றி மிதப்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் ஒரே நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கக் காண்பார்கள். தண்ணீர் உருண்டையாய் நிற்கும். உறங்குவதற்கு உடலைக் கட்டிக்கொள்ள வேண்டும். நெடுநாள் தங்குவோருக்கு எலும்பும் தசையும் தளரும் என்பதால் நாள்தோறும் உடற்பயிற்சி செய்தாக வேண்டும். சுபான்சு சுக்லா நம் அடுக்களைப் பச்சைப்பயற்றையும் வெந்தயத்தையும் விண்வெளி நிலையத்தில் முளைக்க வைத்து ஆராய்ந்தார்.

இவற்றைக் கண்டு கைதட்டுவதோடு நாம் நின்றுவிடலாகாது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ஏவூர்தி எஞ்சின்கள் இயக்கிச் சோதிக்கப்படுகின்றன. நம் தென்காசிச் சாலையில் சென்றால் வரும் செங்கோட்டையில் பிறந்து, அங்கேயே பள்ளியில் பயின்ற நிகார் சாஜி என்னும் பெண்மணி, 2023இல் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா விண்கலத்தின் திட்ட இயக்குநராய் விளங்கினார். நம்மைப் போன்ற மாணவியாய் இருந்தவர்தாமே அவரும்?

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் நிலவின் தென்துருவம் அருகே இறங்கிய கலத்துக்கு விக்ரம் என்று சாராபாயின் பெயரைச் சூட்டினர். நிலவின் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் உண்டு. இவற்றைக் காட்டிலும் அவருக்கு உவப்பான நினைவுச்சின்னம் ஒன்று இருக்கக்கூடும். கடைக்கோடிச் சிற்றூரில் ஒரு சிறுமி, திரையில் தான் கண்டதைப் பற்றி மறுநாள் ஆசிரியையிடம் ஒரு கேள்வி கேட்பதே அது. அந்தக் கேள்விக்காகவே அவர் ஏவூர்தியும் செயற்கைக்கோளும் வேண்டினார். நாம் கேட்போமாக.